காக்கா வக்கீல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் பெயர் காக்கா வக்கீல். வைத்தவள் அவன் மனைவி. எங்கேயாவது லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்திருப்பான். அந்தக் கட்டடத்து மூன்றாம் மாடி அம்மா போன் செய்வார். "நீ வந்துட்டுப் போனப்புறம்தான்பா எங்க டிவி அவுட்டு!"

"காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சும்மா. அதுக்குக் காக்கா மேல கேஸ் போடலாமா?" என்பான். பக்கத்தில் நின்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து வாரம் ஆகிவிட்டது. நாலாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் சமையலறை பல்பு ஃபியூஸ் போனது.

"ஸ்டூல் எங்க?"

"பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குக் காலையில அது மேல ஏறித்தான் திரைச்சீலை மாட்டினேன். சாயங்காலம் எல்லாம் போச்சு. இனிமே எனக்குக் குழந்தையே வேணாம். என்கிட்ட எதுவும் தங்காது."

ஊர்க் காக்கைக்கெல்லாம் வாதாடிய மகராசனுக்கு, சொந்த வீட்டில் ஒரு காக்கை ஐந்து வாரமாகத் தண்டனை அனுபவிப்பது தெரியவில்லை. பனம்பழக் கதையை ஆரம்பித்தான், பாதியில் விட்டான். அவனுக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருந்ததே!

"அதுக்கு முந்தின நாள் உன்னைத் திட்டி அழ வச்சேனே. அதனாலதான் போச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவன் சட்டையைப் பிடித்தாள். "பைத்தியமா உங்களுக்கு? சண்டை போடாத புருஷன் பொண்டாட்டி உண்டா? அப்படிப் பார்த்தா ஒரு வீட்டுலயும் தொட்டில் ஆடாதே!"

"ஸ்டூல் ஏறாத பொண்டாட்டி மட்டும் உண்டா?"

அவளுக்கு அழுகை வந்தது, ஐந்து வாரத்து அழுகை. அவனும் சேர்ந்து அழுதான். எவ்வளவு நேரம் நின்றார்களோ, சமையலறை நன்றாக இருட்டிவிட்டது.

"ஒரு பழத்துக்கு ரெண்டு காக்காவா?" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

"ரெண்டையும் விட்டுடலாமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பக்கத்து வீட்டுல ஸ்டூல் கேட்டு வாங்கிட்டு வாங்க, வக்கீலய்யா."

வாங்கி வந்து போட்டு, புது பல்போடு அதில் ஏறப் போனான். அவள் அவன் கையிலிருந்து பல்பை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஏறுறேன். நீங்க பிடிச்சுக்குங்க."