முதல் குடம்

உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை எனக்கு. கேலி இல்லை. கம்பெனி கொடுத்த நீல மேற்சட்டையின் முதுகில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கன்னிமார் ஓடையை மறித்து ஒரு சின்ன அணை கட்டியிருக்கிறார்கள். தண்ணீரைக் குழாய்க்குள் விட்டுக் கீழே பவர்ஹவுசில் மின்சாரம் எடுக்கிறார்கள். அணையின் அடியில் ஒரு மதகு. திறந்தால் தண்ணீர் ஓடைக்குப் போகும், மூடினால் குழாய்க்குப் போகும். அந்த மதகின் சக்கரத்தைச் சுற்றுகிறவன் நான், கஜேந்திரன்.

மழைக்காலத்தில் என்னை யாரும் ஏசுவதில்லை. பங்குனி பிறந்தால்தான் சனியன் பிடிக்கும். கோடையில் யூனிட்டுக்கு விலை கூடுதல் என்று கம்பெனியின் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து போன் வரும். மதகை இறுக மூடச் சொல்வார்கள். ஓடையில் வெறும் கல்தான் கிடக்கும். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் துணி மூட்டையோடு தோட்டத்தின் அடுத்த பிரிவுக்கு நடப்பார்கள். போகிற போக்கில் என்னை நாலு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நடப்பவள் என் மனைவி நாகலெட்சுமி, மாதர் சங்கத் தலைவி.

இந்த வருடம் பங்குனிக் கடைசி வெள்ளியில் மாரியம்மன் திருவிழா. எங்கள் கோயில் கரகத்தை அணைக்குக் கீழே ஓடைக்கரையில்தான் பாலிப்போம். ஓடுகிற தண்ணீரை மொண்டு கரகச் செம்பில் ஊற்றி, பூச்சோடித்து, தப்பு முழங்கக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். தண்ணீர் ஓடாவிட்டால் கரகம் இல்லை, கரகம் இல்லாவிட்டால் திருவிழாவே இல்லை. போன வருடங்களில் எப்படியோ மழை வந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. இந்த முறை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பவர்ஹவுஸ் மேனேஜர் லோரன்ஸ் சார் டிக்கோயாக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கொழும்பிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று பேசுவார். மாதர் சங்கத்தைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்.

"ஒலகம் சூடாகிக்கிட்டு வருது. கரி எரிக்காம, டீசல் எரிக்காம நாம கரண்ட் எடுக்குறோம். கொஞ்ச நாளைக்கி ஓடைய விட்டுக்குடுத்தா ஒலகத்துக்கே நல்லதும்மா."

நாகலெட்சுமி எழுந்தாள். "சூடாக்குனது யாருங்க சார்? எங்க வீட்ல ரெண்டு பல்ப்பு, ஒரு டீவி. காரு இல்ல, பிரிஜ் இல்ல. சூடாக்குனவங்கள மொதல்ல விட்டுக்குடுக்கச் சொல்லுங்க. நாங்க வரிசையில பின்னால நிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். லோரன்ஸ் சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமிக்கொண்டே, "கரகத்துக்கு வேணும்னா பவுசர் லொறியில தண்ணி அனுப்புறோம்" என்றார்.

"அம்மாளுக்குப் பவுசர் தண்ணியாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

மின்சாரம் வேண்டாமென்று எங்களில் யாரும் சொல்லவில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாள் கணக்காக இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள். ஆனால் கம்பெனிக்கு மின்சாரம் மட்டும் வியாபாரமில்லை. இங்கே புகையில்லாமல் மின்சாரம் எடுத்ததற்கு ஒரு சான்றிதழ் உண்டு. வெளிநாட்டில் புகை விடுகிற யாரோ ஒரு முதலாளி அதைக் காசு கொடுத்து வாங்குவானாம். அதைக் காட்டிவிட்டு அவன் தன் புகையை நிறுத்தாமல் விடலாமாம். அவன் புகை விட எங்கள் ஓடை காய வேண்டும். இதை எனக்கு விளக்கியவர் லோரன்ஸ் சார்தான். விளக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஓடை எந்தக் காலத்திலும் ஓடவேண்டும். அதைப் பார்த்து எழுத ஒரு வெள்ளைக்காரர் சனிக்கிழமை அணைக்கு வருவதாக இருந்தது. "சனிக்கிழம வெள்ளன ஆறு மணிக்குத் தொற. அவரு போனதும் மூடிரு" என்று லோரன்ஸ் சார் மூலம் எனக்கு உத்தரவு. திருவிழா வெள்ளி, தண்ணீர் சனி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் மாதச் சம்பளக்காரன், தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. எங்கள் கோயிலில் முதல் குடம் மொள்வது தோட்டத்தை நிர்வகிக்கிற தொரைதான். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்து வழக்கம் அது. அவர்கள் போய் எத்தனையோ தொரை மாறியும் வழக்கம் மாறவில்லை. தொரைக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, குடத்தைக் கையில் கொடுத்து ஓடைக்குக் கூட்டிப்போவோம். இந்த முறை தொரை லீவில் போய்விட்டதால் பரிவட்டத் துணி பூசாரி அழகுமுத்துவின் தட்டிலேயே கிடந்தது.

ஊர்வலம் பெரிய ரோட்டைக் கடக்கும்போது கம்பெனி வேன் வந்து மாட்டிக்கொண்டது. அட்டன் ஸ்டேஷனில் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு லோரன்ஸ் சார் நுவரெலியா ஹோட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடவே வெள்ளைக்காரர் கொழும்பிலிருந்து அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளர் நிலக்ஷியும் இருந்தாள். தப்புச் சத்தம் கேட்ட வெள்ளைக்காரர் கமராவோடு கீழே இறங்கினார். அழகுமுத்து அவரைப் பார்த்தார். சிவந்த முகம், தொப்பி, அரைக் காற்சட்டை.

"புதுத் தொரை வந்துட்டாங்க" என்று கும்பிட்டுப் பரிவட்டத்தைக் கட்டிவிட்டார்.

பூசாரி மனதறிந்து செய்யவில்லை. நாகலெட்சுமிக்கு மட்டும் வேனில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்து ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவள் பூசாரியைத் திருத்தவில்லை, குடத்தை எடுத்து வெள்ளைக்காரர் கையில் கொடுத்தாள். ஹோட்டலுக்கு நேரமாகிறது என்று லோரன்ஸ் சார் சொன்னது தப்பு முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம்.

நான் அணை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் தேயிலைக்குள் வளைந்து வளைந்து வந்தது. முன்னால் பரிவட்டத்தோடு அந்த மனிதர், இடுப்பில் குடம், முகமெல்லாம் சிரிப்பு. கரைக்கு வந்ததும் காலணியைக் கழற்றி, குடத்தோடு குனிந்தார். குனிந்தபடியே நின்றார். கீழே வெறும் கல்.

தப்பு நின்றது. அவர் நிலக்ஷியிடம் ஏதோ கேட்டார்.

"தண்ணி எங்கன்னு கேக்குறாருங்க" என்றாள் நிலக்ஷி.

"மேல இருக்குங்க. எங்க வீட்டுக்காரருதான் பூட்டி வச்சிருக்காரு" என்றாள் நாகலெட்சுமி.

நிலக்ஷி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். முழுத் தோட்டமும் அண்ணாந்து என்னைப் பார்த்தது. நான் லோரன்ஸ் சாரைப் பார்த்தேன். அவர் திற என்று சொல்லவில்லை, மூடு என்றும் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அதைக்கூட நினைக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன்.

முதலில் சருகும் சேறும் போனது. அடுத்து நுரை. அப்புறம் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு தண்ணீர் இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். சின்னப்பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். தெளியும்வரை காத்திருந்து வெள்ளைக்காரர் முதல் குடத்தை மொண்டபோது தப்பு அடித்த அடிக்கு நானும் அணை மேலேயே ஆடினேன். அவ்வளவு சந்தோஷம். சொன்னபடி கம்பெனி அனுப்பிக் கரையில் நின்ற பவுசரின் டிரைவரும் இறங்கி ஆடினான். அதற்குள் லோரன்ஸ் சாரின் போன் அடித்தது. கரண்ட் ஏன் குறைந்தது என்று கொழும்பில் கேட்டிருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். ஒரு கல்லில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

சனிக்கிழமை வெள்ளைக்காரர் அணைக்கு வந்து அளந்தார். மதகு எப்போதும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மதகுக் கதவு அதற்குக் கீழே இறங்காதபடி இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் பண்ணச் சொல்லிக் கொழும்பிலிருந்தே போன் வந்தது. காசு போகிறதென்றால் அவர்களுக்கும் நியாயம் சீக்கிரம் புரிகிறது.

ஞாயிறு மஞ்சள் நீராட்டு. நாகலெட்சுமி வாளியோடு அணைக்கு ஏறி வந்து, மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள்:

"எவ்வளவுங்க தொறந்திருக்கு?"

"ஒரு சாண். இனிமே எவனும் மூட முடியாது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள்.

"அந்த ஒரு சாண் அம்மாளுக்கு. இது எங்களுக்கு, துணி தொவைக்க."

கீழே பெண்கள் மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் சக்கரம் இறுகியது. நானும் ஒரு கை கொடுத்தேன்.