கூரைக்கு எட்டாத சுவர்

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவர் முகத்திலேயே விழித்துக்கொண்டு, எத்தனை நாள் இருக்கலாம்? நீங்கள் இருந்து பார்த்திருக்கிறீர்களா? சுகிர்தம் பதினாறு நாள் இருந்தாள்.

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் மூன்றாவது காம்பரா சுகிர்தத்துடையது, நான்காவது விஜிதரனுடையது. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரத்துக்குக் கீழே எல்லாம் பொதுதான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். இந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மறுநாள் பீலியில் தண்ணி பிடிக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து சமாதானம் வரும். பிறந்ததிலிருந்து இப்படியே இருந்து பழகியதால் சுகிர்தம் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை, டிலுக்ஷி விஷயம் வரும்வரைக்கும்.

டிலுக்ஷி அவள் மகள். வயது பதினைந்து. விஜிதரன் பகலில் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவன், நாலு மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு வாலிபோல் பழக்குகிறவன். கோயிலுக்குப் பின்னால் மண் சரிந்து கிடந்த இடத்தை அவனே மண்வெட்டி பிடித்து மட்டமாக்கினான். அதற்கு ஏழு மாதம் போனது. முதல் வருஷம் வலைக்குப் பதிலாக லீக்ஸ் தோட்டத்துக்குக் கட்டுகிற பச்சை வலையைத்தான் கட்டியிருந்தான். பந்து அதில் சிக்கினால் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். டிலுக்ஷி அவனைக் கிரவுண்டில் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் "சேர்" என்பாள், பீலியில் மாமா என்பாள். போன வருஷம் அவளுக்குக் கணுக்கால் வீங்கியபோது, மழையில் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு கீழ் ரோட்டு வரைக்கும் இறங்கியவன் அவன்தான். சுகிர்தம் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். குடை அவன் மேல் படவே இல்லை. அவ்வளவு வேகமாக இறங்கினான்.

ஹட்டனில் ஒரு மேட்ச். அதைப் பார்க்க சுகிர்தமும் போயிருந்தாள். மேட்ச் முடிந்ததும், பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று விஜிதரன் பணிஸ் வாங்கக் கடைக்குப் போனான். அந்த நேரத்தில் நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் சுகிர்தத்திடம் வந்தார். இந்தப் பிள்ளையை எங்களிடம் தாருங்கள், விடுதி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, படிப்பும் அங்கேயே என்றார். சுகிர்தம் அந்த டீச்சரின் போன் நம்பரை எழுதி வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகவும் விஜிதரன் பையோடு திரும்பி வரவும் சரியாக இருந்தது. ஆறு பணிஸ் பிள்ளைகளுக்கு. ஏழாவதை எடுத்து, "அக்கா, நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் திங்கல" என்று நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். 

அன்றைக்கே பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், அந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டாள். மறுநாள் அவன் பெக்டரியிலிருந்து களைத்து வந்தான், களைத்தவனிடம் என்ன பேச்சு என்று விட்டாள். அதற்கடுத்த நாள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கிறவனிடமும் சொல்ல முடியவில்லை. முதல் நாள் சொல்லாததை மூன்றாம் நாள் சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பானே என்று, நாள் போகப்போக விஷயத்தைவிட மறைத்தது பெரிதாகிப்போனது.

கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் அவள் புருஷன் பத்திநாதனிடம் இதைப் பற்றி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போனில் பேசுவாள். பேசுவதற்கு முன் டீவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். சுவருக்கு மேலே பேச்சு போகக்கூடாதே.

"என்னா அங்க ஒரே கூச்சலா கெடக்கு? நீ சொல்றது ஒண்ணும் வெளங்கல" என்பான் பத்திநாதன்.

"கொறைச்சா வெளங்கும். அவுங்களுக்கும் வெளங்கும்."

"சேந்த பொறகு சொல்லிக்கலாம்டி. முன்னுக்கே சொன்னா கண்ணு பட்டு காரியம் கெட்டுரும்."

டிலுக்ஷிதான் முதலில் உடைந்தாள். "அம்மா, நானே சொல்லிர்றேன். சேர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு பந்து தூக்கிக் குடுக்க முடியல எனக்கு" என்றாள். டீமில் பந்தை அடிப்பவர்களுக்குத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. சுகிர்தம் அவள் வாயைப் பொத்தாத குறையாக, "நீ சும்மா இரு. பெரியவங்க நாங்க பேசிக்கிறோம்" என்றாள். அப்படிச் சொல்லி அந்தப் பாரத்தைத் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டாள்.

பதினாலாம் நாள் பீலியில் விஜிதரனின் பெண்டாட்டி நிஷாந்தி வாளியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னாக்கா, ஒங்க டீவிக்கு காது கேக்கலையா? ரெண்டு கெழமையா இந்தக் கத்து கத்துது."

"அது பழசு நிஷாந்தி. சத்தம் கூட்டி வெச்சாத்தான் படம் தெளியுது."

நிஷாந்தி சிரிக்கவில்லை. நிறைந்த வாளியை நகர்த்திவிட்டு, "அப்பிடியா? அப்ப எங்க டீவியையும் ஒரு நாளைக்கு கூட்டிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை. டீச்சரோடு போனில் பேசி முடிவானபடி திங்கட்கிழமை டிலுக்ஷி விடுதிக்குப் போக வேண்டும். பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது, மேலே ஒரு பழைய சேலை போட்டு மூடியிருந்தது. சாயங்காலம் விஜிதரன் இஸ்தோப்பில், வாசல் முன்திண்ணையில், வந்து நின்றான். கையில் ஒரு தாள்.

"அடுத்த மாசம் பெரிய போட்டிக்கு பேரு குடுக்கணும்க்கா. பிள்ளைங்க தாய் தகப்பன் கையெழுத்து வேணுமாம். மத்த அஞ்சு பேருதும் வாங்கிட்டேன்."

"உள்ள வாங்க தம்பி."

"இல்லக்கா, காலெல்லாம் சேறு." அவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். "நாளைக்கு விடிய மொத பஸ்ஸுல கொண்டு போய்க் குடுத்துருவேன். குடுத்தாச்சுன்னா பொறகு பேர மாத்த ஏலாது. நம்மகிட்ட இருக்கிறதும் ஆறே ஆறு சட்டை. கீழ் லயத்து சுலக்ஷனா இருக்குதானே, பந்து பொறுக்குற பிள்ளை, அவ அம்மா தெனமும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எடமில்லைன்னுட்டேன். ஆறுல ஒண்ணு கொறைஞ்சா அன்னைக்கு கிரவுண்டுல எறக்கவே மாட்டாங்க, அப்பிடியே திருப்பி அனுப்பிருவாங்க."

இவ்வளவு விளக்கமாக அவன் எதையும் சொல்கிறவன் இல்லை. சுகிர்தம் அதைக் கவனித்தாள். கவனித்தும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பெயரும் அவன் கையெழுத்தில் இருந்தன. டிலுக்ஷி பெயர் முதலில் இருந்தது. உள்ளே டிலுக்ஷி தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையேக்கா?" என்றான் விஜிதரன். பேனாவை நீட்டவில்லை, கையிலேயே பிடித்திருந்தான்.

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. இதைவிட ஒரு நேரம் யாரும் யாருக்கும் தர மாட்டார்கள். வாயைத் திறந்தால் பதினாறு நாளும் சேர்ந்து வந்துவிடும், பணிஸ் தின்றதும் வரும், டீவியும் வரும். "என்னா தம்பி இருக்கு சொல்ல" என்று அவளே அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கரடுமுரடான சுவரில் எழுதியதால் அவள் பெயர் நடுங்கினாற்போல் விழுந்தது. அவன் தாளை மடித்தான். சட்டைப் பைக்குள் வைத்தான். "சரிக்கா" என்றான்.

உள்ளே வந்தபோது டிலுக்ஷி அடுப்பங்கரையில் நின்றிருந்தாள்.   ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய், தன் பெட்டி மேல் கிடந்த சேலையை எடுத்து மடித்து வைத்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் டீவி சத்தம் கூடியது. ஏதோ செய்தி. வாசிக்கிறவர் கத்துகிற மாதிரி கூட்டினார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் சுகிர்தம் கேட்டதே இல்லை. செய்திக்கு நடுவில் விஜிதரன் குரலும் நிஷாந்தி குரலும் மாறி மாறி வந்தன, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட வேண்டியிருக்கவும் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் இந்தப் பக்கம் எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்கும் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவர்களுக்கு அது முதல் நாளே விளங்கியிருக்கும். தெரிந்துகொண்டுதான் பதினாறு நாளும் காலையில் "என்னாக்கா, எந்திரிச்சாச்சா" என்று கேட்டிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் பேனாவைப் பிடித்திருந்தான்.

விடிந்ததும் சொல்லிவிடுவது, அவன் பஸ் ஏறுவதற்கு முன் பிடித்துவிடுவது என்று படுத்தாள்.

மறுநாள் காலை சுகிர்தம் ஐந்து மணிக்கு எழுந்தாள். வெளியே இஸ்தோப்பில் விஜிதரன் இருமுகிற சத்தம் கேட்டது. வெறுங்கையோடு போய் எப்படிச் சொல்வது, ஒரு தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொல்லலாம் என்று அடுப்பை மூட்டினாள். விறகு ஈரம். தண்ணி கொதிக்க நேரமானது. இரண்டு கோப்பையோடு அவள் கதவைத் திறந்தபோது பஸ் கோயில் வளைவைத் தாண்டிவிட்டது. இஸ்தோப்பில் நிஷாந்தி மட்டும் நின்றாள்.

"இப்பத்தான் போறாரு. பஸ்ஸு ஹோர்ன் அடிக்கிற வரைக்கும் ஒங்க கதவு முன்னாலதான் நின்னாரு."

"பேரு... டிலுக்ஷி பேரு?"

"நீங்கதானக்கா கையெழுத்து போட்டீங்க."

சுகிர்தம் ஒரு கோப்பையை நீட்டினாள். நிஷாந்தி வாங்கிக்கொண்டாள். ஆறரைக்குப் பெரட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரம். அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்க வேண்டும்.