ஆள் உயரத்துல வேலை இல்ல

மஞ்சப்பாறை வியூ பாயிண்ட்ல கம்பியப் பிடிச்சு நின்னு பாத்தா, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை மேல குடையோட ஒருத்தன் எறும்பு சைஸ்ல தெரிவான். அவன் பேரு தவமணி. மலைக்காட்சி இலாகாவுல தூரத்துப் பிரிவுல வேலை. காலைல ஒன்பதுலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் தூரத்துல தெரியணும். டூரிஸ்ட் யாராச்சும் கையாட்டுனா திருப்பி ஆட்டணும். சுலபமான வேலைன்னு நெனைச்சிராதீங்க. நாள் பூரா தூரத்துலயே நிக்கிறவனுக்குத்தான் அந்தக் கால்வலி தெரியும்.

புதுசா சேர்றவங்கள கட்டைவிரல் சைஸ்ல போடுவாங்க. சர்வீஸ் கூடக் கூட ஆளு சின்னதாவான், அதுதான் ப்ரமோஷன். கட்டைவிரலுக்கு அப்புறம் நகம், நகத்துக்கு அப்புறம் எறும்பு, கடைசியா கடுகு. ஆர்டர்ல என்ன சைஸோ, இருபத்திநாலு மணி நேரமும் அதே சைஸ்தான். வீட்டுக்குப் போனா மட்டும் பெருசாகுறதுக்கு இது என்ன பிரைவேட் கம்பெனியா? போன வருசம் கடுகு கிரேடுல ரிட்டயரான அய்யாவு அண்ணனுக்குப் பிரிவு உபசார விழா வச்சாங்க. ஆளு எங்க நிக்கிறாருன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் பிடிபடல. குத்துமதிப்பா ஒரு கல்லு மேல பொன்னாடையப் போத்திட்டு, எல்லாரும் கேசரி சாப்பிட்டுக் கலைஞ்சாங்க.

மூடுபனி எறங்குன நாள்ல தவமணிக்கு லீவு. தெரிய வேண்டிய அவசியம் இல்லாததால, அன்னிக்கு இருக்கணும்னும் அவசியம் இல்ல. அந்த நாளையெல்லாம் எங்க கழிச்சோம்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது. பனி விலகுனதும் குடையோட பாறை மேல நிப்பான், சட்ட மட்டும் கொஞ்சம் ஈரமா இருக்கும்.

எதிர்ப்பக்கம், வியூ பாயிண்ட் கம்பி ஓரமா, சுருளியம்மா வேகவச்ச சோளம் விக்கிறா. தனியார் தொழில்ங்கிறதால அவ முழு சைஸ். காலைல டூரிஸ்ட் வண்டி வர்றதுக்கு முன்னாடி அவளும் அவனும் பேசிக்குவாங்க. அவன் குடைய ஒரு தடவ விரிச்சு மடக்குனா, 'சாப்டாச்சா?' அவ பானை மூடிய ரெண்டு தடவ தூக்குனா, 'ஆச்சு, உனக்கு?' ஆவி புஸ்ஸுன்னு மேல போகும். மூணு வருசமா இப்படியே போயி, ஒருநாள் அவன் குடைய ஏழெட்டு தடவ விரிச்சு மடக்கி, கட்டிக்கிறியான்னு கேட்டான். அவ யோசிச்சு, 'ஆள் உயரத்துல வந்து கேளு'ன்னா. அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பானை சோளமும் ஆறிப்போச்சு.

அந்த வாரமே சர்க்குலர் வந்துச்சு. இந்த மாசம் முப்பதாம் தேதியோட தூரத்துப் பிரிவ மூடுறாங்க. மூடுற அன்னிக்கு யார் என்ன சைஸ்ல இருக்காங்களோ, கடைசி வரைக்கும் அதே சைஸ்.

தவமணி முந்நூறு தடவ படிச்சான். பேப்பர் மேல நடந்து நடந்துதான் படிக்கணும்ங்கிறதால, ஒவ்வொரு தடவையும் ஒரு நட. எறும்பாவே நின்னு போனா சுருளியம்மாகிட்ட எந்த உயரத்துல போய்க் கேக்குறது? மறுநாள் இலாகா ஜீப்புல, கியர் கம்பி குமிழ் மேல உக்காந்து, ஆபீசுக்குப் போனான்.

ஆபீசர் கோதண்டம் டீ கிளாஸ நகத்தி, மேஜையில எடம் பண்ணிக் கொடுத்தாரு. ஜன்னல் பூரா ஒருத்தரோட காது தெரிஞ்சது. கிட்டப் பிரிவுல போன மாசம் சேந்தவரு, வெளிய நின்னு வடை தின்னுட்டு இருந்தாரு.

"என்னப்பா பண்ணச் சொல்ற?"ன்னாரு கோதண்டம். "இப்ப வர்றவன் கையில இருக்குற போன்ல ஜூம் போட்டா, உன் சட்டைல எத்தன பட்டன் இல்லங்கிறது வரைக்கும் தெரியுது. அப்புறம் தூரத்துக்கு என்ன மரியாத? ட்ரெண்டு மாறிப்போச்சு. எல்லாவனும் கிட்டதான் கேக்குறான். ஒரு மூக்கு, ஒரு காது, பக்கத்துல நின்னு செல்ஃபி. நீயும் கிட்டப் பிரிவுக்கு வந்துரு, இன்னிக்கே ஆர்டர் போடுறேன்."

"சைஸ் என்ன சார்?"

"கன்னம் மட்டும் ஒரு மினி பஸ் வரும்."

"ஆள் உயரத்துல ஏதாச்சும் இருக்கா சார்?"

கோதண்டம் பேனாவக் கீழ வச்சாரு. "தம்பி, ஆள் உயரத்துல இருக்குற ஆளத்தான் அவன் அவன் வீட்லயே பாக்குறானே. அதப் பாக்க எவனாவது வாந்தி எடுத்துக்கிட்டு இருபத்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறி வருவானா? நம்ம தொழில்ல அந்த சைஸுக்கு வேலையே கெடையாது. எப்பவும் கெடையாது."

காது லேசா அசைஞ்சது. "சார் சொல்றது சரிதான் தம்பி. நானும் கேட்டுப் பாத்தேன்"னு வெளிய இருந்து ஒரு குரல் வந்துச்சு. மேஜையில இருந்த பேப்பர் எல்லாம் பறந்துச்சு. கோதண்டம் எழுந்து பொறுக்குனாரு.

தவமணி திரும்பி வந்து, மறுநாள் காலைல நடந்ததக் குடையில சொன்னான். மினி பஸ் கன்னத்தோட வந்தா உன் வீட்டு ஓடு ஒண்ணு கூட மிஞ்சாதுன்னும் சொன்னான். அந்தப் பக்கம் பானை மூடி அசையவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு அவ அடுப்ப அணைச்சுட்டுக் கெளம்பிப் போனா.

அடுத்த நாள் அவ வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. பானை இருந்த எடத்துல கருப்பா ஒரு வட்டம் மட்டும் தெரிஞ்சது. டூரிஸ்ட்டுங்க கையாட்டுனாங்க, இவனும் ஆட்டுனான். டூட்டிய விட முடியாதுல்ல. ஆனா கை ஒரு பக்கம் ஆடுச்சு, மனசு கருப்பு வட்டத்துலயே கெடந்துச்சு. முப்பதாம் தேதிக்கு நாலு நாள்தான் பாக்கி.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் ஜீப்பு பாறைக்கு வந்து நின்னுச்சு. டிரைவர் கதவத் தொறந்து, சட்டப் பையிலருந்து சுருளியம்மாவ எடுத்து மெதுவா எறக்கி விட்டாரு. கட்டைவிரல் சைஸ்ல இருந்தா. தவமணி நிமிந்து பாத்தான். அவ சுத்தி ஒரு நோட்டம் விட்டுட்டு, இடுப்புல கைய வச்சா.

"இங்கதான் இத்தன வருசமா நிக்கிறியா? ஒரு நெழல் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா நின்ன போ."

"நீ எப்படி இங்க?"

"வேலைக்குச் சேந்துட்டேன். புது ஆளுல்ல, கட்டைவிரல்தான் போட்டாங்க."

"பிரிவதான் மூடப் போறாங்களே?"

"மூடல. ஜூம் பண்றது கெட்டதா சார்னு உங்க ஆபீசர்கிட்ட கேட்டேன். ஜூம் பண்ணிப் பாத்தா ஒத்த ஆளு ஒத்தையா நிக்கிறான், பாக்குறவனுக்குச் சலிச்சுப் போகாதா? ஒரு ஜோடிய நிறுத்துங்க, இன்னிக்கு சண்டையா, சமாதானமான்னு தெனம் வந்து ஜூம் பண்ணுவானுங்கன்னேன். அந்தக் காது இருக்குல்ல, அது சத்தமா சிரிச்சுச்சு. உடனே ஜோடிப் பிரிவுன்னு பேர மாத்திட்டாரு."

தவமணி குடைய மடக்கிக் கக்கத்துல வச்சான். அப்புறம் கேட்டான். "ஆள் உயரத்துல வந்து கேளுன்னியே?"

"சொன்னேன். இந்தப் பாறையில மொத்தம் ரெண்டே ஆளு. இதுல எது ஆள் உயரம்னு நீயே அளந்து சொல்லு." அப்படியே குனிஞ்சு முகத்தக் கிட்டக் கொண்டாந்தா. "சீக்கிரம் கேளு, கழுத்து வலிக்குது."

கேட்டான். சரின்னா. எட்டு வருசம் சர்வீஸ் முடிஞ்சா அவளும் எறும்பாயிடுவா, அதுவரைக்கும் தோள்ல உக்காந்துக்கன்னா.

வெள்ளிக்கிழமையே கல்யாணம். சனம் பூரா வியூ பாயிண்ட்ல கம்பிய ஒட்டி நின்னுச்சு. தாலிய அவ கழுத்து அளவுக்குச் செஞ்சிருந்தாங்க. அத முதுகுல கட்டி இழுத்துக்கிட்டு தவமணி அவ மணிக்கட்டுல ஏறத் தொடங்குனான். முழங்கையத் தாண்டும்போதே ஐயர் அவசரப்பட்டுக் கெட்டிமேளம்னு சொல்லிட்டாரு. சொன்னது சொன்னதுதான், நிறுத்த முடியாது. அவன் தோள்பட்டைக்கு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆச்சு. மேளக்காரங்க ரெண்டு ஷிஃப்ட்டா பிரிஞ்சு வாசிச்சாங்க. சுருளியம்மா நேரா உக்காந்து, தலையக் குனிஞ்சது குனிஞ்சபடியே, "அவசரமில்ல, மெதுவா வா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

முதல் முடிச்ச அவன் போட்டான். மத்த ரெண்டையும் மாப்பிள்ளையோட அக்கா போடணும். கம்பம் ஊர்லருந்து வந்த அந்தம்மா வியூ பாயிண்ட்ல கூட்டத்தோட நின்னுக்கிட்டு இருந்துச்சு. பள்ளத்தாக்கச் சுத்தி வர நேரமில்ல, மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் கெடையாது. கைப்பையப் பக்கத்துல நின்னவகிட்ட கொடுத்துட்டு, கம்பிக்கு மேல கைய நீட்டி, ரெண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டுச்சு. அப்புறம் விரல்ல ஒட்டுன மஞ்சளச் சேலையில தொடச்சுக்கிட்டே பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துச்சு.