மேல்குத்தில் ஒரு மீன்

"உன் ஆம்படையான் என்ன பண்றான்?"

காபி டம்ளரை நீட்டியபடிதான் கோமளம் கேட்டாள். வாங்கக் கை நீட்டிய வினிதா, "இல்லம்மா. எட்டு வருசம் ஆவுது. ஈசிஆர்ல பைக் ஆக்சிடென்ட்டு" என்றாள்.

நீட்டிய டம்ளர் பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கிக் கூடத்து மேஜையில் போய் உட்கார்ந்தது. காபிக்குக்கூடத் தீட்டு ஒட்டிக்கொள்ளும் வீடு அது.

மதுராந்தகத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உப்பிலியின் வீடு. மகள் மானசாவின் தாலியைப் பத்தரைக்குள் அடித்தாக வேண்டும். கடையில் அல்ல, வீட்டிலேயே, நல்ல நேரத்தில், தன் கண்ணெதிரே. அது அவர் மனைவி கோமளத்தின் ஆசை. நகைப் பட்டறைக்காரர் ஜெகதீசன் தங்கத்தை உருக்கித் தகடாக்கி வைத்துவிட்டார். மணி பத்து.

வினிதாவின் முன்னால் அவள் செய்த சாமான் இருந்தது. கீழே உருக்கில் வெட்டிய அச்சு, அதில் தாலியின் உருவம் குழிவாக. மேலே, தகட்டை அந்தக் குழிக்குள் அழுத்தும் குத்து. இரண்டும் மயிரிழை விலகாமல் சேர, ஊசி வைத்த ஒரு சட்டம். புதுப்பட்டினத்தில் தன் லேத் கொட்டகையில் பத்து நாள் கடைந்தது. புதுச் சட்டம், ஆகையால் முதல் தட்டு அவள் தட்டினால்தான் உருவம் நேராக விழும். அதற்காகத்தான் ஜெகதீசன் அவளைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்.

"மெட்ராஸ் கம்பெனி அச்சுன்னு சொன்னேளே ஜெகதீசன்?"

"கம்பெனி ஆளுதாம்மா இது" என்று பல்லைக் காட்டினார் ஜெகதீசன். பதினோரு வருடமாக வினிதாவின் அச்சில் பிழைத்த பல்.

"நல்ல காரியம் நடக்கற இடம். இவளைக் கொல்லைப்பக்கம் கிணத்தடியில நிக்கச் சொல்லுங்கோ. சாமான் இருக்கட்டும், கங்கா ஜலம் தெளிச்சுக்கலாம்."

கங்கை பிரிட்ஜில், பிளாஸ்டிக் பாட்டிலில், எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

கோமளம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, தொடாமல் குனிந்து பார்த்தாள். குத்தின் முகத்தில் கடுகளவு ஏதோ தெரிந்தது.

"இதென்ன, மீனாட்டம்?"

"மீனுதாம்மா. என் முத்திரை. தாலிக்குப் பின்பக்கம் விழும்."

"பெருமாளே. தாலியில மீனா? முதல்ல அதை ராவி எடுக்கச் சொல்லுங்கோ."

ஜெகதீசன் வினிதாவின் காதருகே வந்தார். "ராவிடும்மா. ஒரு மீனுதானே, பேஜாரு பண்ணாத."

"அது மீனு இல்ல அண்ணாத்த, என் பேரு. இத்தினி வருசத்துல ஒரு எடத்துலயாவது என் பேரச் சொல்லிக்கிறியா நீ? மெட்ராஸ் கம்பெனின்றே, மிஷின்றே. நான் செஞ்சேன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் கீது."

ஜெகதீசனே அரத்தை எடுத்தார். தேய்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மீன் அசையவில்லை.

"பதம் போட்ட உருக்கு" என்றாள் வினிதா. "அரம் புடிக்காது. என் கொட்டகைல அரைச்சாத்தான் போவும். நான் அரைக்க மாட்டேன்."

"திமிரைப் பாரு. தாலியறுத்தவ கை பட்ட தாலி நிலைக்குமோ? என் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

வினிதா ஈஸிசேர் பக்கம் திரும்பினாள். உப்பிலி இரண்டாவது தட்டு கேசரியில் இருந்தார்.

"சார், உங்க அறுபதாம் கல்யாணம் எப்ப?"

"அஞ்சு வருஷம் ஆச்சும்மா. ஏன்?"

"அண்ணாத்த பட்டறைல அடிச்ச அந்தத் தாலிக்கும் அச்சு என்னுதுதான். மொத தட்டும் இந்தக் கைதான். அம்மாவத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க."

கோமளம் ஜெகதீசனைப் பார்த்தாள். ஜெகதீசன் தரையைப் பார்த்தார். அவள் கழுத்துச் சரட்டை இழுத்து, அறுபதாம் கல்யாணத் தாலியைத் திருப்பினாள்.

மீன். ஐந்து வருடமாக அவள் மஞ்சளிலும் குங்குமத்திலும் நீந்திக் கொழுத்த மீன்.

"அஞ்சு வருசத்துல சாருக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள் வினிதா. "நல்லாத்தான் சாப்புட்டுகினு கீறாரு."

உப்பிலி நாற்பது வருடம் கணக்கு நடத்தியவர். விடை சட்டென்று வந்தது. "அவ்வளவுதானே கோமளம்? பிடிக்கலேன்னா கழட்டி வெச்சுடேன்."

அதைக் கழற்றுகிற நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த நாள் வர யார் போய்ச் சேர வேண்டுமோ, அவர் கேசரி தின்றுகொண்டிருந்தார்.

வினிதா அச்சையும் குத்தையும் சட்டத்தையும் பையில் போட்டாள்.

"சாமான் என்கூட வருது. கெணத்தாண்ட நிக்க மாட்டேன். வாசல்ல ஆட்டோல குந்திகினு இருப்பேன், பத்தரை வரிக்கும்."

பத்தேகாலுக்கு ஜெகதீசன் வந்து கெஞ்சினார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து இருபத்திரண்டுக்குக் கோமளமே வாசலுக்கு வந்தாள். தாலி ரவிக்கைக்குள் போயிருந்தது.

"உள்ள வா."

"எந்தப் பக்கமாம்மா?"

கோமளத்தின் தாடை இரண்டு முறை அசைந்தது. "வாசப்பக்கமாத்தான்."

"அந்தக் காபியக் குடுங்க மொதல்ல. பாதியிலயே நின்னுகினு கீது."

கோமளம் உள்ளே போய் டம்ளரை எடுத்து வந்து, கையில் கொடுத்தாள். ஆறிப்போன காபியை வினிதா நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கூடத்து நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஊசி பார்த்து, தகடு வைத்து, சுத்தியலை ஓங்கினாள்.

பத்து இருபத்தொன்பதுக்கு, ஒரே தட்டில் மானசாவின் தாலி பளிச்சென்று விழுந்தது.

கோமளம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முன்பக்கத்தை மட்டும்.