நேற்றுச் சோறு

இரண்டு தட்டு தின்றான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றித் தெருவில் ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். இந்த இரண்டு தட்டை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். முதல் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று அவனே நீட்டினான். நான் ஒன்றும் திணிக்கவில்லை.

அவன் இவன் என்று பேசாதே, கோபால் சார் என்று சொல் என்பார் என் வீட்டுக்காரர் பாக்கியநாதன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற லேபர் காண்ட்ராக்டர் அல்லவா, அந்த மரியாதை. இவர் அவனுக்குக் கீழேதான் ஓர் இரும்புக் கம்பெனியில் ஆறு வருஷமாக உலைப் பக்கம் நிற்கிறார். கூட நின்று அதே வேலையைப் பார்க்கிற பெர்மனென்ட் ஆளுக்கு யூனிஃபார்ம் உண்டு, ஷூ உண்டு, லீவு உண்டு. இவருக்கு உண்டானதெல்லாம் முழங்கை வரைக்கும் தீப்புள்ளிகள்தான்.

அந்தப் புரட்டாசியில் கம்பெனி மூன்று பேரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறது என்று பேச்சு வந்தது. யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியவன் கோபால். பழைய ஆள் என்று பார்த்தால் இவர் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு. அவர்களுக்கு வேறு கணக்கு.

ஒரு நாள் மத்தியானம் இவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவன் அந்தப் பக்கமாக வந்திருக்கிறான். நான் காரமாக வெஜ் ஃப்ரைட் ரைஸ் செய்து கட்டிக் கொடுத்திருந்தேன். வாசனை பிடித்து நின்றானாம்.

"இன்னாடா இது, ஓட்டல்ல கூட இந்த வாசன வராது போலக் கீது? புரட்டாசி மாசம், வெளிய எங்கயும் வாய் வெக்க முடியல. கறி வறுத்த சட்டிலயே வெஜ்ஜயும் போட்டு வறுத்துக் குடுக்கிறானுங்க. சனிக்கெயம உன் ஊட்டுக்கே வரேன். சுத்தமா பண்ணச் சொல்லு" என்றானாம். அதோடு விட்டானா? "உங்க ஊட்ல கை நனைக்கிறதுக்கெல்லாம் நான் பாக்கமாட்டேன். அந்தக் காலம் போச்சு" என்று வேறு சொன்னானாம்.

இதை என்னிடம் சொல்லும்போது இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பார்ப்பானா மாட்டானா என்று இங்கே யார் கேட்டார்கள்? உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, அவன் நிற்கப் போகிறான், எங்கள் தெருவில் நூற்றுச் சொச்சம் ஓட்டு இருக்கிறது. அதனால் வருகிறான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்த வேலை வேண்டும்.

என் மாமியார் ரோசம்மாள் மட்டும் அவன் வருகிறான் என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டது. எளாவூர்ப் பக்கம் அவன் அப்பாவுக்கு இருந்த நிலத்தில்தான் அத்தை கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடவும் களையெடுப்பும் அறுப்புமாக உழைத்தது. அந்த நிலத்தை அவர்கள் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விற்றவன் காண்ட்ராக்டர் ஆனான், அங்கே சேற்றில் நின்றவர்களின் பிள்ளைகள் அவனிடமே கூலிக்குப் போனார்கள். வயல் போனது, நெல் போனது, முதலாளி மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோறு வடித்தேன். பாஸ்மதி அரிசி, முக்கால் வேக்காடு. வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கிளறி ஆறவிட்டேன். சுடுசோற்றை வறுத்தால் களிதான் கிண்டலாம். இது தெரியாமல் நான் எத்தனை தடவை சட்டியோடு மாரடித்திருக்கிறேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு வறுத்துக் கொடுக்கிற ஃபாஸ்ட் ஃபுட் வண்டிக்காரர்தான் சொன்னார்: முந்தின நாளே வடித்து ஆறவைத்த சோறாக இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது, காரம் ஒவ்வொரு பருக்கையிலும் பிடிக்கும். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

தாம்பாளத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கப் போனபோது அத்தை வந்து நின்றது.

"இன்னாமே, இப்பவே வடிச்சிட்ட? அவங்க நாளைக்குத்தான வராங்க?"

"இதுக்கு நேத்து சோறுதான் அத்த நல்லா இருக்கும்."

"வர்றவங்களுக்கு நேத்து சோத்தயா போடுவ?"

"ஃப்ரிட்ஜ்லதான வெக்கிறேன்?"

"பொட்டில வெச்சிட்டா பழசு புதுசாயிடுமா?" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தை பழைய சோற்றைத் தொடாது. வெயில் காலத்தில் தெருவே மோரும் வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிக்கும்போது, இது மட்டும் வேர்த்து வடிய உலை வைத்துச் சுடச்சுடத்தான் தின்னும். நான் கட்டிக்கொண்டு வந்த ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். வறுத்த சோறு என்றாலும் வேண்டாம் என்று தனக்குத் தனியாகப் பொங்கிக்கொள்ளும். ஏன் என்று நான் கேட்டதில்லை. சில பேருக்கு ஒரு வீம்பு இருக்கும், இதுவும் அப்படி என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அடுப்படியில் இறங்கினேன். இருபது காய்ந்த மிளகாயை விதை தட்டி வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன். ஒரு கை நிறையப் பூண்டு, துண்டு இஞ்சி, பொடியாக நறுக்கி எண்ணெயில் போட்டு, பச்சை வாசனை போனதும் மிளகாய் விழுதைக் கொட்டி, எண்ணெய் கக்குகிற வரைக்கும் வதக்கினேன். சோயா சாஸ், வினிகர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. நெடி தெரு முனை வரைக்கும் போய், பக்கத்து வீட்டு முத்தம்மாள் இருமிக்கொண்டே, "இன்னாமே, யாரு வராங்க உங்க ஊட்டுக்கு, கலெக்டரா?" என்று கத்தினாள். பீன்ஸ், கேரட், கோஸ், குடைமிளகாய் எல்லாம் தீக்குச்சி கனத்தில் நறுக்கி வைத்தேன். சட்டி கூடப் புதுசு. அவன் சுத்தமாகச் செய்யச் சொன்னான் என்று இவர் பஜாருக்குப் போய் ஒரு புது இரும்புச் சட்டி வாங்கி வந்திருந்தார். நாங்கள் ஆக்கித் தின்கிற சட்டி அழுக்காம்.

மத்தியானம் வந்தான். காரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, நாலு பேருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நடந்து வந்தான். சேரில் உட்கார்ந்தான். தீயைக் கூட்டி, காயை வதக்கி, சோற்றைக் கொட்டிக் குலுக்கி, வெங்காயத்தாள் தூவிக் கொண்டுபோய் வைத்தேன். பருக்கை பருக்கையாக, சிவப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஒழுக ஒழுகத் தின்றான். இவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சொந்த வீட்டில் உட்காரவில்லை.

"ஆஹா! பாக்கியநாதா, இனிமே உன்ன ஊட்டுக்கு அனுப்பவே கூடாதுடா, உன் பொண்டாட்டியக் கேன்டீனுக்குக் கூட்டிக்கினு போயிடணும்" என்று சிரித்தான். அப்போதுதான் இரண்டாவது தட்டைக் கேட்டு வாங்கினான். அதையும் முக்கால்வாசி முடித்துவிட்டு, "திங்கக்கெயம லிஸ்ட் குடுக்கிறேன். உன் பேர் கீது" என்றான். இவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷம்.

"அது சரி, எப்டிம்மா இவ்ளோ உதிரியா வருது? எங்க ஊட்ல செஞ்சா பொங்கலாட்டம் குழைஞ்சு போவுது."

புகழ்ந்தால் மயங்காத சமையல்காரி யார்? நான் சொன்னேன்: "சோத்த நேத்தே வடிச்சி வெச்சிட்டேன் சார். அதான் சூட்சுமம்."

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"நேத்தா?"

"ஆமா சார். ஓட்டல்லயும் அப்டித்தான் பண்ணுவாங்க. ஆறுன சோறா இருந்தாத்தான்…"

"ஓட்டல் வேற, உங்க ஊடு வேற." தட்டைத் தள்ளிவிட்டான். "பழைய சோத்தயா எனக்குப் போட்ட? பெரிய மனசு பண்ணி உங்க ஊட்டுக்கு வந்தேன் பாரு, எனக்கு வேணும். இன்னா, பழி தீத்துக்கிறீங்களா?"

எந்தப் பழி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவனுக்கு விளங்கியிருக்கிறது. அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இவர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், சார், அவளுக்குத் தெரியாது சார்" என்றார். அவனுக்கும் கொஞ்சம் நிதானம் வந்தது. வாசலில் ஆள் நிற்கிறது, தேர்தல் வருகிறது, இரண்டு தட்டு வயிற்றுக்குள் போயிருக்கிறது. பழைய சோறு தின்றான் என்று வெளியே போனால் அவனுக்குத்தானே அசிங்கம்?

குரலைத் தாழ்த்தினான். "சரி. சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. காலைலதான வடிச்ச? சொல்லிடு. இதோட முடிஞ்சிது. லிஸ்ட்ல பேர் இருக்கும்."

"சொல்லு சோனியா. காலைலதான வடிச்ச?" என்றார் இவர். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறைக்க மாட்டேன், நான் சொல்லியிருப்பேன். வாயைக் கூடத் திறந்துவிட்டேன். ஒரு பொய், காலையில் வடித்தேன் என்று ஒரே ஒரு பொய், இவருக்கு உத்தியோகம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவனால் சும்மா இருக்க முடிந்தால்தானே? அதற்குள் என்னை முந்திக்கொண்டு சொன்னான்:

"எங்க ஊட்ல நாய்க்குக் கூட நேத்து சோறு வெக்கமாட்டோம், தெரிஞ்சிக்கோ."

"நெஜம்தான் நைனா."

அத்தை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தது. குரலில் கோபம் கூட இல்லை.

"நாய்க்கு வெக்கமாட்டாங்க. நாய்க்குச் சுடுசோத்துல பால் ஊத்தி வெச்சவளே நான்தான். நேத்து சோறு எனக்கு. மாட்டுக் கொட்டாப் பக்கம் குந்திக்கினு கைய ஏந்தணும், உங்க அம்மா எட்ட நின்னுக்கினு ஊத்துவாங்க. பதினாலு வருசம். சில நாள் நொரச்சிப் போயி இருக்கும், அப்பவும் குடிப்பேன், வகுத்துல இவன் இருந்தான். நீங்க அப்ப ஏழெட்டு வயசுப் புள்ள. பாத்துக்கினு நிப்பீங்க. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். மறக்கல."

அவன் எழுந்தான். கை கழுவத் தண்ணீர் வைத்திருந்தேன், கழுவவில்லை. சிவப்பு எண்ணெய் ஒட்டிய விரலோடு வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனான். இப்போது தெரு முனையில் கும்பிடு இல்லை.

இவருக்கு வந்த ஆத்திரம் அத்தைமேல் பாய்ந்தது. "யம்மா, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாய மூடிக்கினு இருக்கக் கூடாதா? ஆறு வருசம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வெந்துபோன கை அவருடையது.

அத்தை அவன் உட்கார்ந்திருந்த சேரைத் துடைத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்தது. ஒரு தட்டு எடுத்து, சட்டியில் மிச்சமிருந்த சோற்றைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றுவிட்டு, "புளிப்பு ஜாஸ்தி. அந்த வினிகர் தண்ணியக் கொறச்சி ஊத்து" என்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. மூன்று பெயர். அதில் ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. இவர் பெயர் இல்லை. "சோனியா வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்று தெருவில் சொல்கிறார்கள். முத்தம்மாள் கூடச் சொன்னாள். ஆமாம், தின்றவன்மேல் குற்றமில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னவள்மேல்தான் குற்றம். நல்ல நியாயம்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவருடைய செல் அடித்தது. இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"பாக்கியநாதன் ஊடா? நான் கோபால் சார் ஊட்லருந்து பேசறேம்மா. நீங்கதான அந்த ஃப்ரைட் ரைஸ் பண்ணது? அது மாதிரியே வேணும்னு இவரு என் உசுர வாங்குறாரு. மூணு வாட்டி பண்ணிட்டேன், மூணு வாட்டியும் குழைஞ்சு போச்சி. இன்னா பண்ணணும்னு சொல்லேன்."

எங்கள் வீட்டுச் சோறு அவனுக்கு நாக்கில் நிற்கிறது. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் லிஸ்ட்டில் நிற்கக் கூடாது. வீட்டில் பெண்டாட்டியிடம் கூட ஒன்றையும் சொல்லவில்லை அவன். பாவம், அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை.

எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, யார் என்று கண்ணால் கேட்டது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செல்லை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். மிளகாயை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், விழுதை எப்போது இறக்க வேண்டும், காயை எந்தக் கனத்தில் நறுக்க வேண்டும், வினிகரைக் குறைத்து ஊற்ற வேண்டும், எல்லாம். அந்த அம்மா எழுதிக்கொண்டது போலிருந்தது.

"சரிம்மா. சோறு? சோத்துக்கு இன்னா பண்ணணும்?"

"அது சாருக்கு நல்லாத் தெரியும்மா. அன்னிக்கே சொல்லிட்டேன். அவரு வாயால சொல்லச் சொல்லுங்க."

"அப்டியா? இரு, இங்கதான் குந்திக்கினு கீறாரு" என்று அந்த அம்மா திரும்பிக் கூப்பிட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏங்க, சோத்துக்கு இன்னா பண்ணணும்? உங்களுக்குத் தெரியுமாமே?"

பாதி உரித்த பூண்டு அத்தையின் கையில் அப்படியே நின்றது. அங்கே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். நான் செல்லை வைக்கவில்லை.

"ஏங்க, உங்களத்தான் கேக்கிறேன்" என்றது அந்த அம்மா.