ஈசானிய மூலைத் தொட்டி

தொட்டியில் தண்ணீர் மறுபடியும் இறங்கியிருந்தது. முந்தின நாள் மாலை நானே பக்கத்தில் நின்று, மோட்டார் போட்டு, விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். புது வீட்டில் இன்னும் யாரும் குடியேறவில்லை. ஒரு குழாயைக்கூடத் திறக்கவில்லை. மூடியை நகர்த்தி எட்டிப் பார்த்தால், முழங்கை ஆழத்துக்குச் சுவர் ஈரமாகத் தெரிந்தது.

"வெயிலுக்கு வத்தியிருக்கும்ட்டி," என்றார் என் கணவர் கௌதம்ராஜ்.

ஐப்பசி மாதத்தில், மூடி போட்ட தொட்டியில், வெயிலுக்கு வற்றுகிறதாம். நூற்பாலையில் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுகிற மனிதர். சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் அவர் மூளை லீவு போட்டுவிடும். மறுநாள் காலை பால் காய்ச்சு என்பதால், அதற்குள் எதையும் பழுது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.

எங்கள் மனை தேவதானத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் சரிவில் இருக்கிறது. ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் புழுங்கிக் கிடந்த எங்களுக்கு அந்தக் காற்று ஒன்றே போதுமாக இருந்தது. மாமனார் சங்கரலிங்கத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. மேற்கே உயரம், கிழக்கே பள்ளம், வாஸ்துவுக்கு இதைவிடத் தோதான மனை கிடையாது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே வாஸ்துப்படி தண்ணீர் வடகிழக்கில், ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும். எங்கள் சரிவில் வடகிழக்கு என்றால் வெறும் அந்தரம். அதனால் அங்கே கருங்கல்லில் ஆள் உயரத்துக்கு மேல் தடுப்புச்சுவர் எழுப்பி, லாரி லாரியாக மண் கொட்டி மட்டமாக்கி, கொட்டின மண்ணிலேயே தொட்டியைக் கட்டினோம். கொத்தனார் முத்துவீரன் எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம்" என்பவர். இதையும் செய்துவிட்டார்.

ஈசானியத்தில் நீர் நிறைந்து நிற்கும்போதுதான் குடிபுக வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. தினமும் நான் நிரப்பினேன், தினமும் அது இறங்கியது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வேறு யாருக்கும் கவலை இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அன்று சாயந்திரம், பால் காய்ச்சுக்கு அழைப்பதற்காகக் குங்குமச் சிமிழோடு கீழே இறங்கினேன். தடுப்புச்சுவருக்கு நேர் கீழே பிச்சையம்மாள் அக்காவின் ஓட்டு வீடு. தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவள், நாலைந்து ஆடும் வைத்திருக்கிறாள். மகள் விஜி பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, பின்கட்டு அறையில் படுத்திருந்தாள். காற்றுப் படாத அறை என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். காற்று எப்படிப் படும், அந்த அறையின் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் தடுப்புச்சுவர் நிற்கிறது.

"இங்க வா பிள்ள, ஒன்னு காட்டுதேன்," என்று அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. எங்கள் சுவரின் அடிக்கல்லுக்கு இடையிலிருந்து தண்ணீர் கசிந்து, சின்னதாய் ஓடியது. கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிப்பூ செருகியிருந்தாள். கீழே ஒரு பித்தளைச் சொம்பு நிரம்பிக்கொண்டிருந்தது.

"விஜி பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்த மறுநாளு ஊத்து தொறந்துச்சு. மலை குடுத்தது. எம்புட்டு தெளிவா வருது பாரு. பிள்ளையக் குளிப்பாட்டுறது இதுலதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தடுப்புச்சுவரின் நடுப்பகுதி, நிறைமாசக்காரி வயிறு போல, முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கட்டினபோது நூல் பிடித்த மாதிரி இருந்த சுவர். சந்தேகம்தானே, நிச்சயமாகத் தெரியாமல் பச்சை உடம்புக்காரியை எப்படிக் கலவரப்படுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குங்குமத்தை நீட்டிவிட்டு மேலே ஏறினேன்.

"ஏங்க, அது நம்ம தண்ணி. செவுரு வயிறு தள்ளி நிக்குது. தொட்டிய இப்பவே காலி பண்ணிருவோம்," என்றேன்.

கௌதம் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். "மலையடிவாரத்துல ஊத்து வாரது அதிசயமா? விடிஞ்சா நல்ல காரியம். தொட்டி காலின்னு தெரிஞ்சா அப்பா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாவ. பாலு பொங்கட்டும், பொறவு நானே மோட்டார் போட்டு எறைச்சிருதேன்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"நம்ம தண்ணிதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. அவர் மாவிலைத் தோரணம் கட்ட உள்ளே போனதும், சமையலறையில் பூஜைக்கென்று அடுக்கியிருந்த மஞ்சள் தூள் பாக்கெட்டுகளையெல்லாம் பிரித்து, வாளியில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். நம் தண்ணீர் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். வாடகை வீட்டுக்குத் திரும்பியும் கண் மூடவில்லை. தகரக் கூரையில் தூறல் விழும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தேன்.

காலையிலும் தூறல் விடவில்லை. சொந்தக்காரர்கள் சேறு மிதித்து ஏறி வந்தார்கள். பசுமாடு சரிவில் ஏற மறுத்து, நான்கு பேர் தள்ள, ஒருவழியாய் வாசலுக்கு வந்தது. ஹோமப் புகையில் எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. சந்துக்குப் போய்ப் பார்த்து வர எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை, மாமா இதை எடு, அதை வை என்று விரட்டிக்கொண்டே இருந்தார். அடுப்பைப் பற்ற வைத்துப் பால் பானையை ஏற்றினேன்.

அப்போதுதான் பிச்சையம்மாள் அக்கா உள்ளே வந்தாள். தலையில் முக்காடு, இரண்டு கையிலும் ஏந்திய பித்தளைச் சொம்பு. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, அம்மன் கண்ணத் தொறந்துட்டா. உங்க வீடு பால் காய்ச்சுத அன்னைக்கு எங்க ஊத்துல மஞ்சத் தண்ணி வருது. முதத் தண்ணி உங்களுக்குத்தான்னு கொண்டாந்தேன்."

சொம்புக்குள் மஞ்சள் பளீரென்று கிடந்தது. மாமா எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா அந்தத் தண்ணீரை மாவிலையால் தொட்டு வீடெல்லாம் தெளிக்க ஆரம்பித்தார். என் முகத்திலும் விழுந்தது.

நான் கௌதமைப் பார்த்தேன். சமையலறையில் கிடந்த காலி பாக்கெட்டுகளை அவர் பார்த்தார், பிறகு சொம்பை. முகத்தில் ரத்தம் இல்லை. மில்லில் மூளை லீவு போடாத மனிதர் அல்லவா.

"சாயம் அப்படியே வந்திருக்கு," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நடுவுல வடிகட்ட மண்ணே இல்லட்டி. உள்ள அரிச்சுப் போயிருக்கு."

அவர் எல்லோரிடமும் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அப்பா முகத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அது ஊத்து இல்ல," என்றேன். "எங்க தொட்டித் தண்ணி. மஞ்சளக் கரைச்சு ஊத்தினது நான்தான். எங்க செவுரு விழப் போகுது. விஜி எங்க?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காடு சரிய ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். யாரும் அந்த மூலைப் பக்கம் போகாதீர்கள் என்று கௌதம் கத்திக்கொண்டே இறங்கினார். ஓட்டு வீட்டின் பின்கட்டில் விஜி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறைச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையை நான் பறித்துக்கொண்டேன். விஜியைக் கௌதமும் அக்காவும் தாங்கிக்கொண்டார்கள். மாமா வேட்டியை மடித்துக்கட்டி, ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

எல்லோரும் பாதையில் பாதி தூரம் ஏறியிருப்போம். பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். தடுப்புச்சுவரும், ஈசானிய மூலையும், தொட்டியும் சேர்ந்து பின்கட்டின் மேல் இறங்கின. ஓடுகள் நொறுங்கி, அவற்றின் மேல் மஞ்சள் சேறு வழிந்தது. என் கையில் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்குள் வந்தோம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. அது பொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

அக்கா அழுவாள், எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நிதானமாக ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள்.

"எந்த ரூமுல காத்து வராது?"

"எங்க ரூமுலதான்," என்றேன்.

மகளையும் பேரப்பிள்ளையையும் அங்கே படுக்க வைத்தாள். ஆடுகளை வாசல் வாழைமரத்தில் கட்டினாள். பிறகு மாமாவிடம் வந்தாள்.

"எங்க வீட்டக் கட்டிக் குடுக்கிற வரைக்கும் நாங்க இங்க இருக்கோம் அண்ணாச்சி. நீங்க பொறவு வாங்க."

மாமா சரி என்று தலையாட்டினார். சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். சேத்தூர் வழியாக ராஜபாளையத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

நான் படியிறங்கும்போது அக்கா கூப்பிட்டாள். ஹோமகுண்டத்துப் பக்கத்தில் இருந்த சொம்பைக் காட்டினாள். அதில் பாதி மஞ்சள் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அதக் காலி பண்ணிக் குடுத்துட்டுப் போ. சொம்பு என்னது. தண்ணி உங்களது."

சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தூறல் நின்றிருந்தது. எங்கே ஊற்றுவது என்று சுற்றிலும் பார்த்தேன். எந்தப் பக்கம் ஊற்றினாலும் அது இடிந்து கிடந்த அக்கா வீட்டுக்குத்தான் இறங்கும்.