மாடி பெஞ்சும் கீழ் பெஞ்சும்

எங்க ஊர் பல்லாஸ்பத்திரியில டோக்கன் கிடையாது. பெர்ல்ங்கற மொழியில எழுதின கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் இருக்கு. அதுக்குள்ள போயி நாம உக்காந்துக்கணும்.

உள்ள மாடியில ஒரு பெஞ்சு, கீழ ஒரு பெஞ்சு. ரெண்டும் ஒரே பெஞ்சு. மாடியில உக்காந்தா கீழயும் உக்காந்தாச்சு. ப்ரோக்ராம்ல மாடிக்கு மாட்யூல்னு பேரு, கீழ்தளத்துக்கு ஸ்கிரிப்ட். மாடியைப் பார்த்துக்கிறவர் மாட்யூல் ஆரோக்கியராஜ். கீழ ஸ்கிரிப்ட் வினோதினியம்மா. முன்னாடி இருக்கற ஆளை அவங்கதான் டாக்டர்கிட்ட எடுத்து விடுவாங்க.

அன்னைக்கு மாடி பெஞ்சுல நான்தான் முதல் ஆளு. அங்க முதல் ஆளுக்கு நம்பர் சைபர். கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. பக்கத்துல ஒண்ணாம் நம்பர் முத்தரசு, என் பக்கமா நகர்ந்துக்கிட்டே இருக்கான். அவன் மேல எனக்கு அப்பவே சந்தேகம்.

கீழ இருந்து வினோதினியம்மா குரல். "பெஞ்சுல ஈ காக்கா இல்ல டாக்டர். நீங்க கெளம்புங்க."

"என்னடா பண்ணுன?"ன்னு முத்தரசைக் கேட்டேன்.

"சைபரையே காணோம்ங்குது, நான் எம்மாத்திரம்ணே?"

ஆரோக்கியராஜ் மூக்கால பேசுவாரு. "நான் பெஞ்சை எக்ஸ்போர்ட் பண்ணி கீழ அனுப்பிட்டேங்க. இதுக்கு மேல கீழ கேளுங்க."

"இதுக்கு மேல கீழயா"ன்னு நானும் மூக்கால சொல்லிட்டு, இடத்துல துண்டைப் போட்டுட்டு இறங்கினேன்.

கீழ பெஞ்சு காலி. பெஞ்சோட முதுகுல சாக்பீஸால 'மை'ன்னு எழுதியிருந்துச்சு. இங்கிலீஷ்ல என்னோடதுன்னு அர்த்தமாம்.

"இது என்னம்மா?"

"அவரு மாடியில அவங்க சொந்தக்காரங்களையெல்லாம் நடுவுல சொருகுறாரு. அதான் பெஞ்சுங்கற அதே பேர்ல எனக்குன்னு தனியா ஒண்ணு, அதை மறைச்சு போட்டுக்கிட்டேன். இதுல எவனும் கை வைக்க முடியாது."

"எவனும் உக்காரவும் முடியாதேம்மா."

என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான் பல்வலிக்குத்தான் சொந்தம்மா."

டாக்டர் ஹெல்மெட்டை மாட்டியாச்சு. அந்தம்மா மனசே இல்லாம முந்தானையால 'மை'யைத் துடைச்சாங்க. உடனே பெஞ்சுல என் துண்டு தெரிஞ்சுது. துண்டு மேல முத்தரசு.

"எந்திரிடா!"

"காத்துல பறந்துடக்கூடாதுன்னுதான் உக்காந்தேண்ணே."

அவனைத் தள்ளிட்டு உக்காந்தேன். வினோதினியம்மா என்னை உருவி உள்ள விட்டாங்க.

டாக்டர் ஹெல்மெட்டோடவே வாய்க்குள்ள எட்டிப் பார்த்தாரு. "இந்தப் பல்லை வேற யாரு உபயோகிக்கிறாங்க?"

"தெரியல டாக்டர்."

பிடுங்கினாரு. எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. வலி போயிடுச்சு. ஜன்னலுக்கு வெளிய கரும்புச்சாறு வண்டிக்காரரு 'ஆ'ன்னு அதே பக்கத்துக் கன்னத்தைப் பிடிச்சாரு. டாக்டர் ஜன்னல் வழியா அவருகிட்ட பஞ்சை நீட்டினாரு.